வாட்டு மாடிக்கு வைத்த பொட்டு

மாரிசாமி கப்பல் ஏறாமல் நின்றுபோனது ஒரு சுவரை நம்பித்தான்.

மடுல்சீமைக்கு மேலே, பஸ் போகாத கல்லுமலைத் தோட்டத்தில் பழைய ஸ்டோர் ஒரு மழைக்காலத்தில் பாதி சரிந்து விழுந்தது. தேயிலை ஆலையை அங்கே ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட புதிது. அரசாங்கம் கட்டுவது பழையதைப் போல இருக்கலாமா? கொழும்பில் கூடிப் பேசினார்கள். புதிய ஸ்டோர் தானாகவே யோசித்து வேலை செய்யும் என்று செய்தி வந்தது. கட்டும் வேலையைப் பதுளையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த ஜுனைதீன் முதலாளி எடுத்தார்.

மாரிசாமி அப்போது மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கான் வெட்டிக்கொண்டிருந்தான். கை நேர்த்தியைப் பார்த்த முதலாளி, அவனைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலேயே கேட்டு வாங்கி மேசனோடு சேர்த்துவிட்டார். சாந்து பூசினால் கண்ணாடி மாதிரி வரும். சட்டையில் சிமெந்துக் கறையோடு, வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புவதில் அவனுக்கு ஒரு பெருமை இருந்தது.

லயத்தில் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. மனைவி இராக்கம்மாவின் அண்ணன் ரெங்கசாமியின் குடும்பத்துக்கும் சேர்ந்தே வந்திருந்தது. இரண்டு குடும்பமும் ஒன்றாகப் புறப்பட்டால் அங்கே ஒரே இடத்தில் போடுவார்கள், நூற்பாலையில் வேலை கொடுப்பார்கள் என்று ரெங்கசாமி சொன்னான். இராக்கம்மா சட்டிபானைகளைக்கூடப் பக்கத்து வீட்டுக்குப் பேசி வைத்துவிட்டாள். அண்ணன் பக்கத்தில் இருந்தால் போதும், எந்தச் சீமையிலும் பிழைத்துக்கொள்வேன் என்பது அவள் கணக்கு.

கட்டடம் கூரைமட்டம் வந்தபோது, கொழுந்து வாட்டும் மாடியின் சுவரில், இரண்டு ஆள் உயரத்தில், ஒரு சதுரப் பொந்து விட்டிருந்தார்கள். படத்தில் அப்படித்தான் இருந்தது. எதற்கென்று படத்தில் இல்லை. ஜுனைதீன் முதலாளி கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"என்னத்துக்குடா இது? பொறா கூடு கட்டவா?"

கேட்டவர்கள் சிரித்தார்கள். கொழும்புக்குக் கடிதம் போட்டுப் பதில் வரும்வரை சாரத்தைப் பிரிக்காமல் வைத்திருக்க அவருக்கு மனமில்லை. மழைச் சாரல் உள்ளே அடித்தால் பழி தன் தலையில் விழும் என்றும் பயந்தார்.

"அடைச்சிடு, மாரிசாமி. அடைச்ச தடம் தெரியக் கூடாது."

தடம் தெரியாமல் அடைத்தான்.

சில மாதம் கழித்து, இயந்திரம் பூட்டும் இஞ்சினியர் வந்தார். கட்டடத்தின் படம் ஓர் அலுவலகத்தில் போட்டது, இயந்திரத்தின் படம் இன்னோர் அலுவலகத்தில் போட்டது. இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தவர் ஒருவருமில்லை. காற்றின் ஈரத்தை அறியும் இரண்டு கண்ணாடிக் குமிழ்கள் அந்தப் பொந்துக்குள், கம்பி வலைக்குப் பின்னால் இருக்க வேண்டியவை. இஞ்சினியர் வந்து பார்த்தால் சுவர் மழமழவென்று நின்றது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாயிற்று, வெள்ளையும் அடித்தாயிற்று. இனிச் சுவரை உடைக்கத் தோட்டத்தை நடத்தும் தொரை சம்மதிக்கவில்லை. அடுத்த முறை வரும்போது மேலே ஏற்றிவிடலாம் என்று சொல்லி, குமிழ்களைக் கதவோரத்தில் நெஞ்சு மட்டத்தில் தொங்கவிட்டார் இஞ்சினியர். அந்த அடுத்த முறை வரவில்லை.

விஷயம் எளியது. கொழுந்தைத் தட்டில் பரப்பிக் கீழிருந்து காற்று ஊத வேண்டும். காற்று ஈரமாக இருந்தால் சூட்டுக் கதவைத் திறக்க வேண்டும், காய்ந்திருந்தால் மூட வேண்டும். ஒரு குமிழ் வெறுமனே தொங்கும், மற்றது ஈரத்துணி சுற்றித் தொங்கும். ஈரத்துணிக் குமிழ் எவ்வளவு அதிகமாகக் குளிர்கிறதோ அவ்வளவுக்குக் காற்று காய்ந்திருக்கிறது என்று பொருள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, சுவரில் இருந்த இரும்புப் பெட்டி கதவைத் தானே திறக்கும், தானே மூடும். துணி காயாமல் தண்ணீர் ஊற்ற மட்டும் ஓர் ஆள் தேவை. வயர் இழுக்கக் கூடவே நின்ற மாரிசாமிக்கு அந்த வேலை கிடைத்தது. வேறு எதையும் தொடக் கூடாது என்று இஞ்சினியர் விரலை ஆட்டிச் சொன்னார்.

தோட்டத்துக்குத் தேவையான ஆள் என்று தொரை எழுதிக்கொடுத்தார். விசாவை நீட்டித்தார்கள். ரெங்கசாமி குடும்பம் மட்டும் கப்பலுக்குப் போகப் பதுளையில் ரயில் ஏறியது. வழியனுப்பிவிட்டு வந்த இராக்கம்மா, பக்கத்து வீட்டுக்குப் பேசி வைத்த சட்டிபானைகளைத் திரும்ப அடுக்கினாள். மூன்றாம் நாள், "மிசினு ஒங்களுக்கு அண்ணன் தம்பியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஐப்பசி பிறக்குமுன் ஆயுத பூசை வந்தது. ஸ்டோரில் அன்று எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். கொழுந்தைச் சுருட்டும் உருளை, அடுப்பு, விறகு பிளக்கும் கோடரி எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. ஒரு வருஷம் ஓர் உருளைக்குப் பொட்டு வைக்க மறந்து, அந்த வருஷமே வீரய்யாவின் இரண்டு விரல்கள் அதில் போனதை யாரும் மறக்கவில்லை. ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவே முன்னால் நின்று தேங்காய் உடைத்தார்.

மாரிசாமி சந்தனக் கிண்ணத்தோடு மாடிக்கு ஏறினான். இரும்புப் பெட்டிக்கு வைத்தான். கீழே இறங்கப் பார்த்தவன் நின்றான். பெட்டி வயிறுதான், பார்ப்பது அந்த இரண்டு குமிழ்கள். தொடாதே என்ற சொல் நினைவிருந்தது. கண்ணை மூளியாக விட்டு வயிற்றுக்குப் பொட்டு வைத்தால் அது பூசையா என்றும் இருந்தது. துணி சுற்றிய குமிழில் வைக்க வழியில்லை. வெறும் குமிழுக்கு, இரண்டுக்கும் சேர்த்து, தாராளமாகச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தான். கும்பிட்டான்.

ஈரச் சந்தனம் குளிர்ந்தது. இரண்டு குமிழும் ஒன்றுபோலக் குளிரவே, காற்றெல்லாம் ஈரம் என்று பெட்டி எண்ணிக்கொண்டது. சூட்டுக் கதவை முழுக்கத் திறந்துவிட்டது. விடிந்து டீமேக்கர் ஒரு பிடி கொழுந்தை அள்ளினார். அது அப்பளம் போல நொறுங்கிற்று. மாடி முழுவதும் அப்படியே.

விசாரணைக்கு இஞ்சினியர் கொழும்பிலிருந்து வந்தார். ஜுனைதீன் முதலாளியையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"பொட்டு வச்சது யாரு?" என்றார் டீமேக்கர்.

"நாந்தாங்க."

"தொடாதேன்னு சொன்னாங்களா, இல்லியா?"

"சொன்னாங்க. பூச அன்னிக்கு எல்லாத்துக்கும் வச்சோங்க. ஐயாதானே தேங்கா ஒடைச்சீங்க."

டீமேக்கர் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். இந்தச் சனங்களிடம் நல்ல இயந்திரத்தைக் கொடுத்தால் இப்படித்தான் என்று இஞ்சினியர் தொரையிடம் இங்கிலீஷில் சொன்னார். குமிழ்கள் மேலே இருந்திருந்தால் கை எட்டியிருக்காதே என்று தொரை கேட்டார். பொந்து விடாமல் கட்டியிருந்தார்கள், நான் என்ன செய்வது என்றார் இஞ்சினியர். எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். முதலாளி தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். பொந்து எதுவும் தனக்கு ஞாபகமில்லை என்றார்.

உண்மை சொன்னால் தன் பாரம் குறையும் என்று மாரிசாமிக்கு அந்த நேரத்தில் தோன்றியது. வேண்டுமென்றே கை எட்டுகிற இடத்தில் யாரும் வைக்கவில்லை, மேலே இடம் இருந்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா?

"பொந்து இருந்திச்சுங்க. நாந்தாங்க அடைச்சேன். மொதலாளி சொல்லித்தான்..."

கடைசி வார்த்தையை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

"அப்ப அடைச்சதும் நீ, அப்புனதும் நீ" என்றார் டீமேக்கர்.

அறையில் இருந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் மூச்சு வந்தது. டீமேக்கரின் தேங்காய், முதலாளியின் சாரம், இஞ்சினியரின் அடுத்த முறை எல்லாம் அந்த ஒருவன் தலையில் இறங்கின. தொரை பேனாவைத் திறந்தார்.

வெளியே வந்து ஜீப்பில் ஏறும்போது முதலாளி அவனை அருகே அழைத்தார். "எனக்கும் புள்ளகுட்டி இருக்குடா மாரிசாமி. மனசுல வச்சிக்காத."

"மனசுல எடம் இல்லீங்க மொதலாளி" என்றான் அவன்.

மறுபடி கான் வெட்டப் போனான். தேவையான ஆள் என்ற கடிதம் அதற்குப் பிறகு எழுதப்படவில்லை. விசா முடிந்தால் போக வேண்டியதுதான். ரெங்கசாமி இருந்த ஆலையில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை நடந்த அன்றே இராக்கம்மா அடுப்பை ஊதிக்கொண்டே சொல்லியிருந்தாள்.

"மனுசன நம்பி நின்னிருந்தாலும் ஏசறதுக்கு ஒரு மூஞ்சி இருக்கும். செவுத்த நம்பி நின்னீங்களே."

இஞ்சினியர் பெட்டியின் வயரைத் துண்டித்துவிட்டுப் போயிருந்தார். பழையபடி ஆளே கையால் கதவைத் திறந்து மூடினான். அடுத்த வருஷ பூசைக்குக் குமிழ்கள் அதே இடத்தில்தான் தொங்கின. இப்போது எதற்கு வேண்டுமானாலும் வையுங்கள் என்று டீமேக்கரே சொன்னார், இரண்டுக்கும் வைத்தார்கள். மாரிசாமி வாசலில் நின்றான், மாடிக்குப் போகவில்லை.

அந்த மாதமே அவர்களும் ரயில் ஏறினார்கள். இந்தியாவில் அவர்களுக்குக் கிடைத்தது கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அதே குளிர், அதே கூடை. அண்ணனின் ஊருக்குப் போக ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும் என்றார்கள். கட்டிக்கொடுத்த வீட்டின் சுவரில், கூரைக்குக் கீழே, யாரோ எதற்கோ விட்ட ஒரு பொந்து இருந்தது. முதல் மழையிலேயே சாரல் பாயை நனைத்தது. வாசலில் சிமெந்தும் மணலும் மிச்சம் கிடந்தன.

மாரிசாமி அண்ணாந்து பார்த்தான். பாயைச் சுருட்டி நனையாத பக்கம் நகர்த்திப் போட்டான். இராக்கம்மாதான் துணிப் பெட்டி மேல் ஏறி நின்று ஒரு பழந்துணியைத் திணித்தாள்.