அலுமாரி பிடித்த முனை

செத்தவர்களின் சேலைகளைக் கிழிப்பதுதான் என் தொழில். இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். பிறகு கொண்டுவந்து கொடுப்பவர்களும் அவர்களேதான். சேலையை நாடா நாடாவாகக் கிழித்து, நூலுக்குப் பதிலாகத் தறியில் ஓட்டி, சுவரில் தொங்கவிடும் விரிப்புகளாக நெய்கிறேன். பாவில் மெல்லிய குச்சிகளைச் செருகி மான், பறவை, கட்டம் என்று எடுக்கிற கண்டிப் பக்கத்துத் தும்பறை நெசவுதான் அடிப்படை. மானையும் பறவையையும் நான் விட்டுவிட்டேன். என் விரிப்புகளில் சேலைக் கரை மட்டும் வளைந்து வளைந்து போகும். கொழும்பிலிருந்து வருகிறவர்கள் அதை நவீனம் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கத்தரிக்கோல் ஓரத்தில் ஒரு வெட்டு வைக்கத்தான். மிச்சத்தைக் கையால் கிழித்தால்தான் நாடா நேராக வரும். அந்தச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது.

அம்மா போனபின் கண்டி வீட்டில் நானும் அப்பாவும்தான். மாநகர சபையில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தேநீர்கூடப் போடத் தெரியாது. ஆனால் சேலை மடிக்கத் தெரியும். ஹந்தானை மலைப் பக்கமிருந்து மழை இறங்கும்போது அம்மா கொடியிலிருந்து வாரிக்கொண்டு ஓடிவந்து, "இந்தாங்க, புடிங்க" என்பார். ஆளுக்கொரு முனையைப் பிடித்து உதறுவார்கள், இழுப்பார்கள், நடந்துவந்து கைசேர்ப்பார்கள். சண்டை போட்டுப் பேச்சுவார்த்தை இல்லாத நாட்களிலும் அது நிற்காது.

கண்டியில் ஒரு கண்காட்சிக்கு என்னைக் கேட்டார்கள். ஊரார் அம்மாக்களையெல்லாம் நெய்தவள், சொந்த அம்மாவை நெய்யாமல் இருப்பதா என்று தோன்றியது. அம்மாவின் சேலைகளை அப்பாவிடம் கேட்டேன்.

"எடுத்துக்கம்மா. உள்ள கெடந்தா பூச்சி அரிச்சிரும். அந்த ஊதாச் சேலைய மட்டும் வச்சிட்டுப் போ."

ஒரு வார்த்தை மறுத்திருந்தால் விட்டிருப்பேன். அவர் மறுக்கவில்லை. நான் முன்னறையில் கிழிக்கத் தொடங்கியதும் அவருடைய அறையில் ரேடியோச் சத்தம் கூடியது. சிங்களச் செய்தி வீடு முழுக்க அலறியது.

விரிப்பு நன்றாகவே வந்தது. நான் நெய்ததில் அதுதான் சிறந்தது. பார்க்க வந்த ஒரு பெண் அதன் முன்னால் நின்று அழுதார். அப்பாவும் வந்தார். "நல்லா இருக்கு" என்றார். கிட்டப் போகவில்லை.

போன வாரம், என் தறி இருக்கும் வத்தேகமவிலிருந்து நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா அறைக்கு வெளியே, நடையில் நின்றிருந்தார். கையில் ஊதாச் சேலையின் ஒரு முனை. மறுமுனை உள்ளே அலுமாரிக் கதவிடுக்கில் இருந்தது. அறையின் நீளம் போதாமல் நடைவரை பின்னால் வந்து, இழுத்துப் பிடித்து உதறிக்கொண்டிருந்தார். சேலையில் சவர்க்கார வாசம். யாரும் உடுத்தாத சேலையை அவரே துவைத்துக் காயப்போட்டு எடுத்திருக்கிறார். கதவில் நசுங்கும் இடத்தில் நூல் பிசிறு பிசிறாக நின்றது. இது முதல் தடவை இல்லை என்று அந்தப் பிசிறைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

எனக்குக் கோபம் வந்தது. பக்கத்து அறையில் நான் ஒருத்தி இருக்கிறேனே, கூப்பிட்டால் என்ன? அலுமாரியைத் திறந்து அந்த முனையைக் கையில் எடுத்தேன்.

அப்பா இழுக்கவில்லை. சேலை எங்கள் நடுவே தொய்ந்து தரையைத் தொட்டது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, சேலையைப் பிடித்திருந்த என் விரல்களைப் பார்த்தார்.

"விடும்மா" என்றார் மெதுவாக. "அலுமாரி புடிச்சிக்கும்."

முனையைத் திரும்பக் கதவிடுக்கில் வைத்து, நானே சாத்தினேன்.