அனார்குல் டீச்சரின் கோபம்

அனார்குல் டீச்சர் சாந்த சொரூபியாம். இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியர் வாய் கூசாமல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாரின் மலைப்பக்கத்து எங்கள் பள்ளியில் முப்பத்தைந்து வருடம் கணக்கும் ஓட்டமும் சொல்லிக்கொடுத்த அந்த மனுஷியின் வாய்க்குப் பயந்து குதிரைக்காரர்களே சுற்றுவழியில் போவார்கள். ஆனாலும் நாங்கள் அவர் பின்னாலேயேதான் சுற்றினோம். அவர் கோட்டுப் பையில் எங்களுக்காக அவித்த உருளைக்கிழங்கு எப்போதும் இருக்கும்.

தடை ஓட்டத்துக்குத் தடைகள் வாங்கப் பள்ளிக்கு மனமில்லை. செங்கல் அடுக்கி, குறுக்கே கம்பு வைத்துத்தான் தாண்டினோம். "கம்பைப் பாக்காதடி சல்கின், அதுக்கு அந்தப் பக்கம் பாரு" என்று கத்துவார். பதினேழு வயதில் நான் மாகாணத்திலேயே முதலாவதாக வந்தேன். தலைநகர் பிஷ்கெக்கில் விளையாட்டுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை பஸ் ஏற வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம், பயிற்சி முடிந்து நடந்து வந்தவளைக் காரில் தூக்கிப் போட்டார்கள். எங்கள் பக்கம் இதற்குக் கல்யாணம் என்று பெயர். பெண்ணைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து, மாமியார்க்காரி தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டுவிட்டால் முடிந்தது. அழுதால், நாங்களும்தான் அழுதோம் என்பார்கள்.

கார் ஒரு வீட்டு முன்னால் நின்றது. அது டீச்சரின் வீடு. மாப்பிள்ளை அவர் மகன் உர்மாட். முற்றத்தில் அதற்குள் கல்யாணப் பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி காய்ந்துகொண்டிருந்தது.

டீச்சருக்கு ஒன்றும் தெரியாது. சந்தையிலிருந்து வந்தவரிடம் அவர் கணவரின் அக்கா சபீரா பல்லெல்லாம் தெரியச் சொன்னாள்: "எந்நேரமும் சல்கின் சல்கின்னு உருகுவியே. மருமகளாவே கொண்டாந்துட்டோம். இந்தா, முக்காட்டை நீயே போடு." டீச்சர் மகிழ்ந்துபோவார் என்று அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள்.

டீச்சர் முக்காட்டை வாங்கிக்கொண்டு திரைக்குள் வந்தார். அந்த ஒரு நொடி அவரை நான் வெறுத்தேன். அவர் குனிந்து, இழுபறியில் சிராய்த்து ரத்தம் வழிந்த என் முழங்காலில் அதை இறுக்கிக் கட்டினார்.

"எந்திரி. திங்கக்கிழமை பஸ்."

சபீரா ஓடிப்போய் வாசற்படியில் குறுக்கே படுத்துக்கொண்டாள். மூத்தவளைத் தாண்டினால் சாபம் பிடிக்கும் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. "தாண்டிப் பாருடி. உன் வயித்துல ஒரு புள்ள தங்காது" என்றாள். நான் படிக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன்.

டீச்சர் வாசற்படிக்கு வந்து நின்றார். "இதே வாசல்ல உங்கம்மாவும் இப்படித்தான் படுத்தாங்க, அண்ணி. அப்போ எனக்குப் பத்தொம்பது வயசு. நான் தாண்டல. இந்த முப்பது வருஷத்துல அதை நெனைக்காத நாள் கிடையாது."

சொல்லிவிட்டு அவர் முதலில் தாண்டினார். முற்றத்தில் நின்று திரும்பினார்.

"கம்பைப் பாக்காதடி."

தாண்டினேன்.

அந்த வீட்டுக்குள் டீச்சர் பிறகு காலெடுத்து வைக்கவில்லை. பள்ளியில் பந்துகள் வைக்கும் அறையில் பதினோரு வருடம் இருந்து, அங்கேயே செத்தார். அங்கே குளிர்காய அடுப்பு வைக்கக் கூடாது என்று குளிர்காலத்துக்குக் குளிர்காலம் கடிதம் கொடுத்தவர்தான் இந்தத் தலைமையாசிரியர்.

கூட்டத்தில் சபீரா முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்து, அவள் முன்னால் மெதுவாக நடத்திக்கொண்டு போனேன்.