எரர் வந்தால் அழகரத்தினம்

என் மனுசன் அழகரத்தினத்துக்கு ஐம்பத்திரண்டு வயதில் கணினிப் பைத்தியம் பிடித்ததற்கு எங்கள் மகள் கேசிகாதான் காரணம். அவள் தொழில்நுட்பப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். போன வருடம் கணினிப் பாடத்தில் பத்துக்கு நாலு எடுத்துக்கொண்டு வந்து, புத்தகத்தைக் கட்டிலுக்கடியில் எறிந்துவிட்டாள். வீடு கூட்டும்போது இவர் அதைக் கண்டெடுத்தார். எங்கள் வீட்டில் கூட்டுவதும் இவர்தான். பத்தொன்பது வருடமாக இத்தாலியின் பலெர்மோவில் ஊரார் வீட்டைக் கூட்டிய கை, சொந்த வீட்டில் மட்டும் சும்மா இருக்குமா?

பிள்ளைக்கு விளங்காததைத் தகப்பன் ஒரு மழைக்காலம் முழுக்க இருந்து படித்தார். இரண்டே இரண்டு விரலால்தான் தட்டுவார். சாப்பாட்டு மேசையில் எனக்கும் பாடம் நடந்தது.

“கிளாஸ் எண்டால் இடியப்ப உரல் மாதிரி. உரல் ஒண்டுதான். அதிலையிருந்து வாற இடியப்பம் ஒவ்வொண்டும் ஒரு ஒப்ஜெக்ட்.”

“மாவைக் குழைச்சு உரலைப் பிழியிறது ஆர்?”

கொஞ்சம் யோசித்தார். “அது புரோகிராமர்.”

“அப்ப நான் கலியாணம் கட்டின நாளிலையிருந்து புரோகிராமர்தான்,” என்றேன். அதற்குப் பிறகு இடியப்பத்தை விட்டுவிட்டு வேறு உதாரணம் தேடப் போய்விட்டார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே துப்புரவு நிறுவனத்தில்தான் வேலை. வீடுகளுக்கும் கடைகளுக்கும் ஆள் அனுப்புவது அதன் தொழில். அலுவலகம் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில். அந்தக் கட்டடத்தின் படிகளைக் கழுவுவது என் பொறுப்பு. இவரை எல்லா இடத்துக்கும் அனுப்புவார்கள். கழுவிய மார்பிள் தரையெல்லாம் சேர்ந்து இவருடைய முழங்காலைத் தின்றுவிட்டது. இனிமேல் முழந்தாளில் நிற்கவே கூடாது, இருந்து செய்கிற வேலையாகப் பாருங்கள் என்று டொக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சொன்னார். இவர் படத்தைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லை டொக்டர்” என்றார், ஏதோ நோய் டொக்டருக்கு வந்ததுபோல.

இவருடைய குணமே இதுதான். எல்லாம் சரி என்பதற்கு இத்தாலிக்காரர் “துத்தோ அ போஸ்தோ” என்பார்கள். வந்த புதிதில் இந்த மூன்று சொல்லைப் படித்தவர், மிச்ச மொழி அவசரமில்லை என்று இருந்துவிட்டார். காய்ச்சலில் போர்த்துக்கொண்டு படுத்திருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து தங்கச்சி தொலைபேசி எடுத்தால், எழும்பி இருந்து தொண்டையைச் செருமிவிட்டு, “நாங்கள் நல்ல சுகம்” என்று சொல்லுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மாசி மாதம் அலுவலகத்தில் ஒரு கதிரை காலியானது. யாருக்கு எந்த வீடு என்று அட்டவணை போடுகிறவர் ஓய்வு எடுத்துவிட்டார். முதலாளி அம்மா சின்யோரா கராமாஸ்ஸா வேகமாகக் கதைப்பார், சிரித்துக்கொண்டே இரண்டு ஆள் வேலையை ஒருவர் தலையில் கட்டிவிடுவார். அவரிடம் போய், என்னுடைய புரோகிராம் அந்த அட்டவணையைப் போடும் என்று இவர் சொல்லியிருக்கிறார். எப்படித் துணிவு வந்ததோ தெரியாது.

சின்யோரா இவரை மேலும் கீழும் பார்த்தாராம். “ஒரு வாரம் பார்க்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை உன்னை எந்த வீட்டுக்கும் போடவில்லை, புரோகிராமை மட்டும் கவனி. ஒரு வீட்டிலிருந்தும் முறைப்பாடு வராவிட்டால் கதிரை உனக்கு.”

“அந்தக் கதிரைக்குச் சில்லு இருக்கு,” என்று வீட்டில் வந்து மூன்று தரம் சொன்னார். இந்த மனுசன் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டு நான் கண்டதில்லை. அன்றைக்கு நான் அவருக்குத் தெரியாமல் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன்.

புரோகிராமில் ‘வேலையாள்’ என்று ஒரு தாய்க் கிளாஸ். அதற்குப் பிறந்த பிள்ளைகள், படி கழுவுகிறவர், சமைக்கிறவர், வயதானவர்களைப் பார்க்கிறவர் என்று. தாய்க்குத் தெரிந்த வேலையெல்லாம் பிள்ளைகளுக்கும் தானாக இறங்கும், ஒவ்வொன்றுக்கும் திரும்ப எழுதத் தேவையில்லை என்று பெருமையாகச் சொன்னார். அந்தப் பெருமைக்குத் திங்கட்கிழமை காலையே அடி விழுந்தது. பிறின்ஸ் எங்களோடு வேலை செய்கிறவர். மன்னாரில் கடலுக்குப் போன ஆறடி ஆள், ஆனால் இரண்டாம் மாடிக்கு மேலே ஜன்னலோரம் நின்றால் தலை சுற்றும். தாய்க் கிளாஸின் கண்ணாடி துடைக்கும் திறமை அவருக்கும் இறங்கியிருந்ததால், புரோகிராம் அவரை ஏழாம் மாடி ஜன்னலுக்கு அனுப்பிவிட்டது.

“அண்ணை, சாமி சத்தியமாய் நான் ஏறமாட்டன்,” என்று தொலைபேசியில் சொன்னது எனக்கே கேட்டது.

“நீ வீட்டை போ. நான் புரோகிராமிலை பாக்கிறன்,” என்றார் இவர்.

அன்று மாலை சின்யோராவின் தொலைபேசிக்குப் புரோகிராமிலிருந்து ஒரு வரி போனது: துத்தோ அ போஸ்தோ.

செவ்வாய்க்கிழமை, எங்களோடு வேலை செய்கிற செல்வமலருக்கு வதிவிட அனுமதி புதுப்பிக்கக் குவெஸ்தூராப் பொலிஸ் அலுவலகத்தில் வரிசையில் நிற்கும் நாள். புதன் தொடங்கிச் சனி வரை இன்னொரு ஆள் ஜசிந்தன் சியாகுல்லித் தோட்டத்துக்கு மாண்டரின் தோடம்பழம் பிடுங்கப் போய்விட்டார். அங்கே கடைசிக் காய் விழும் காலம், ஆள் கூப்பிட்டால் போகத்தான் செய்வார்கள். இப்படி ஆள் குறைந்துகொண்டே போனது. புரோகிராமோ ஒவ்வொரு மாலையும் துத்தோ அ போஸ்தோ என்றது. ஒரு வீட்டிலிருந்தும் முறைப்பாடு இல்லை. இப்படி ஒரு வாரத்தை நான் கண்டதே இல்லை என்று சின்யோரா படியில் என்னை மறித்துச் சொன்னார்.

எனக்கும் பெருமைதான். ஆனால் வீட்டில் சில விஷயங்கள் இடித்தன. கணினிக்கு முன்னால் இருக்கிற மனுசனின் சட்டையில் ப்ளீச் மணம். கேட்டால், “எங்கையோ பட்டிருக்கும்” என்றார். புதன்கிழமை சப்பாத்தைக் கவிழ்த்தேன், மொண்டெல்லோக் கடற்கரை மணல் கொட்டியது. மாசிக் குளிரில் கடற்கரையில் இவருக்கு என்ன வேலை? வேறு பெண்ணாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பாள். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு இவர் எங்கே போய் என்ன செய்வார் என்று நான் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

வியாழன் பின்னேரம் இவர் சுடுதண்ணிப் போத்தலை முழங்காலில் வைத்தபடி கதிரையிலேயே உறங்கிவிட்டார். மடிக்கணினி திறந்தபடி கிடந்தது. கேசிகா எட்டிப் பார்த்தாள். பத்துக்கு நாலு எடுத்த பிள்ளைதான், ஆனால் அவளுக்கே அது விளங்கிவிட்டது.

“மம்மா மீயா,” என்றாள். “அம்மா, இஞ்சை வாங்கோ.”

“என்னடி?”

“இஞ்சை மேலை ‘இந்த வீட்டுக்கு ஒரு ஆளைப் போட்டுப் பார்’ எண்டு எழுதியிருக்கு. ஆள் இல்லாட்டி எரர் வரும். எரர் வந்தால் என்ன செய்யிறது எண்டு கீழை எழுதவேணும். அப்பா என்ன எழுதியிருக்கிறார் எண்டு பாருங்கோ.” விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தாள். “‘எரர் வந்தால் அழகரத்தினத்தைப் போடு. துத்தோ அ போஸ்தோ எண்டு சொல்லு.’ அவ்வளவுதான். எந்த எரர் வந்தாலும் இதுதான்.”

“அப்ப இந்தக் கிழமை எத்தினை வீட்டுக்கு…”

எண்ணினாள். “இண்டைக்கு வரைக்கும் பதினொண்டு.”

எனக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. இருபத்திரண்டு வருடமாக நான் இந்தப் புரோகிராமோடுதான் குடும்பம் நடத்துகிறேன். இடையில் எங்கள் கதையில் இவருக்கு முழிப்பு வந்துவிட்டது.

“இந்த வரியை இப்பவே எடுங்கோ,” என்றேன்.

“எடுத்தால் திரையிலை சிவப்பாய் வரும். சின்யோரா புரோகிராம் பிழை எண்டு நினைப்பா. நாளைக்கு ஒரு நாள்தானே, முடியட்டும்.”

“அப்பா, எரர் வாறது பிழையில்லை. நீங்கள் அதை விழுங்கிறதுதான் பிழை. எங்கடை டீச்சர் இதுக்குத்தான் எனக்கு நாலு போட்டவ.”

“நாளைக்குக் காலமை மொண்டெல்லோ வீட்டுக்கு ஆளில்லை,” என்றார் இவர். “பத்து மணிக்கு அலுவலகத்துக்கும் வரச் சொல்லியிருக்கிறா. நான் வெள்ளெனப் போய் முடிச்சிட்டு வந்திடுவன்.”

அந்த வீட்டுக்காரர் ஒன்பதரைக்கு முன் கதவு திறக்கமாட்டார். அது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும். இவருடைய புரோகிராமுக்கு மட்டும் தெரியாது. அன்றைக்கு நான் இவரோடு அதற்குப் பிறகு ஒரு சொல் கதைக்கவில்லை. கோபத்தில் இவருடைய சப்பாத்தை மட்டும் துடைத்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை இவர் பத்து மணிக்கு அலுவலகத்துக்குத்தான் வந்தார், மொண்டெல்லோவைப் பிறகு பார்க்கலாம் என்று. நான் வழக்கத்தில் பத்து மணிக்கெல்லாம் கீழ்ப்படிக்கு வந்துவிடுகிறவள், அன்று மூன்றாம் மாடியிலேயே நின்றுகொண்டேன். கதவு திறந்து கிடந்தது. இவர் அந்தச் சில்லுக் கதிரையில், நுனியில், பஸ்ஸில் இடம் கிடைத்தவர்போல இருந்தார். சின்யோரா முழு அட்டவணையையும் முதல் தடவையாகத் திறந்து, “அற்புதம், அற்புதம்” என்று கீழே உருட்டிக்கொண்டு போனார்.

அப்போது தொலைபேசி அடித்தது. மொண்டெல்லோ வீட்டுக்காரர். சின்யோராவின் சிரிப்பு நின்றது.

“யாரும் வரவில்லையாம். ஆனால் இங்கே ஆள் போட்டிருக்கிறதே.” திரையைக் கிட்டப் பார்த்தார். “அழகரத்தினம். அது நீதானே?”

“சி, சின்யோரா,” என்றார் இவர். இத்தாலியனில் ‘சி’ என்றால் ஓம்.

“நீ இங்கே இருக்கிறாய்.”

“சி, சின்யோரா. இப்போது போய்விடுவேன்.” எழும்பினார். வலது முழங்கால் மடிந்தபடி நின்றுவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு அதை நிமிர்த்தினார்.

நான் வாளியை எடுத்து வாசற்படி முழுவதும் தண்ணீரைக் கவிழ்த்தேன்.

“ஈரம்,” என்றேன் இத்தாலியனில். “காயும் வரைக்கும் யாரும் போகக் கூடாது. வழுக்கும்.” பிறகு தமிழில், “இருந்து கதையுங்கோ,” என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார். இருந்தார். இருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஏழாம் மாடி ஜன்னல், குவெஸ்தூரா, மாண்டரின், பதினொரு வீடு.

சின்யோரா வாய் திறந்தபடி கேட்டார். எனக்கு ஒரு நிமிடம் நிம்மதி. அந்த அம்மா அதையும் கெடுத்தார்.

“நாலு நாளில் பதினொரு வீடு, இன்றைக்கு வரை ஒரு முறைப்பாடு இல்லை,” என்றார். “இப்படிப்பட்ட துப்புரவுக்காரனை நான் கதிரையில் இருத்தினால் எனக்குப் பைத்தியம் என்பார்கள்.”

போச்சு என்று நினைத்தேன். வழக்கமான ‘சி, சின்யோரா’ வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

“நோ,” என்றார் இவர். “எனக்கு ஏலாது சின்யோரா. முழங்கால் நோகுது. கனநாளாக நோகுது. இனி நான் எந்த வீட்டுக்கும் போகமாட்டேன்.”

பலெர்மோவில் பத்தொன்பது வருடத்தில் இவர் முதல் தடவையாகச் சொன்ன ‘நோ’. எனக்கு அழுகை வந்துவிட்டது. விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்று அழுதேன்.

இவர் கதிரையை உருட்டி மேசையோடு போனார். இரண்டு விரலால் அந்த வரியை அழித்தார். அந்த இடத்தில், “ஆள் இல்லை, உடனே தேடவும்” என்று எழுதி, அடுத்த வார அட்டவணையை ஓட்டினார். திரையில் சிவப்பாக ஏழு வரி வந்தது.

“இது என்ன?” என்றார் சின்யோரா.

“இவ்வளவு ஆள் குறைவு.”

“ஒவ்வொரு வாரமுமா?”

“ஒவ்வொரு வாரமும்தான் சின்யோரா. எங்களில் யாராவது ஓடிப்போய்ச் செய்துவிடுவோம். உங்களுக்குத் தெரியாது.”

சின்யோரா அந்தச் சிவப்பை வரி வரியாக எண்ணினார். பிறகு மொண்டெல்லோவுக்குத் தொலைபேசி எடுத்து, இன்று ஆள் இல்லை, நாளைக்கு வரும் என்றார். மறுபக்கம் சரி என்று வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான். இதற்காகவா இந்த மனுசன் இவ்வளவு காலம் ஓடினார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

“திங்கள் எட்டு மணிக்கு வா,” என்றார் சின்யோரா. “இந்தச் சிவப்பை ஒரு நாள் முந்தியே எனக்குக் காட்டு. கதிரையின் பின்பக்கம் கொஞ்சம் கிழிந்திருக்கிறது, பார்த்துக்கொள்.”

வாசல் காய்ந்த பிறகு இரண்டு பேரும் இறங்கினோம். லிப்ட் வழக்கம்போல வேலை செய்யவில்லை. இவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினார். நான் வாளியோடு பின்னால்.

“முழங்கால் எப்பிடி?” என்று கேட்டேன்.

“அது பரவா…” என்று தொடங்கியவர் நிறுத்தினார். “நோகுது. வலதுதான் கூட நோகுது.”

இரண்டாம் மாடியில் நின்று திரும்பிப் பார்த்தார். “உமக்கு? ஒவ்வொரு நாளும் இந்தப் படியெல்லாம் குனிஞ்சு கழுவுறீர்.”

“எனக்கென்ன? எனக்கு ஒண்டுமில்லை,” என்றேன்.

சொல்லி முடிக்கும் முன்பே எனக்கே கேட்டுவிட்டது. இவர் இறங்காமல் அந்தப் படியிலேயே நின்றார். நான் வாளியைக் கீழே வைத்தேன். இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டேன்.

“நாரி நோகுதப்பா,” என்றேன். “மூண்டு வருசமாய்.”