மூன்று உள்ளே, ஒன்று வெளியே

உலகத்தில் இன்றுவரை பிறந்த நர்ஸுகள் அத்தனை பேரையும் ஒரு தராசுத் தட்டில் ஏற்றி, மறு தட்டில் என் சித்தியின் சுண்டுவிரலை மட்டும் வைத்தால், சுண்டுவிரல் தட்டுதான் தரையில் இடிக்கும். அப்போதும் சித்தி, "ஏறினது எத்தனை பேர், இறங்கினது எத்தனை பேர்?" என்றுதான் கேட்பாள்.

ஆபரேஷன் அறையில் அவளுக்குப் பட்டப்பெயர் சுங்கச்சாவடி. கணக்கு ஒப்பிக்காமல் ஒரு கத்தரிக்கோல்கூட அவளைத் தாண்டிப் போகாது. பதினோரு வருஷமாக அதே மேஜை, அதே பிடிவாதம், நின்று நின்று வீங்கிய அதே கணுக்கால்.

அவள் நிற்பது எடை குறைக்கும் ஆபரேஷனில். வயிற்றில் ஐந்து சின்னத் துளை போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, டிவியைப் பார்த்தபடியே இரைப்பையை ஒடுக்குவார்கள். வாய் வழியாக ஒரு தடிமனான குழாயை இறக்கி, அதை அளவாக வைத்துக்கொண்டு, அதன் ஓரமாக ஸ்டேப்ளரை அழுத்த வேண்டும். காகிதத்துக்குப் பின் அடிக்கிற ஸ்டேப்ளரின் பணக்கார அண்ணன் அது. ஒரே அழுத்தலில் தைக்கவும் செய்யும், வெட்டவும் செய்யும். வெட்டினால் வெட்டியதுதான், அழிரப்பர் கிடையாது. நடுவில் வேறு குழாய் ஏதாவது கிடந்தால் அதையும் சேர்த்துத் தைத்துவிடும். தையல் விட்டுப்போய் வயிறு உள்ளேயே ஒழுகினால், பிழைப்பது பெரும்பாடு.

அன்று மேஜையில் படுத்திருந்தது ஒரு வேன் ஓட்டுகிற அம்மா. மயக்க ஊசிக்கு முன்னால், "ஸ்டியரிங்குக்கும் எனக்கும் நடுவுல கொஞ்சம் இடம் பண்ணிக் குடுங்கம்மா, போதும்" என்று சித்தியின் கையைப் பிடித்துச் சிரித்தவள்.

பாதியில் மயக்க டாக்டரை வேறொரு அவசரத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் ஓட, புது டாக்டர் வந்து உட்கார்ந்தார். பெரிய டாக்டர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை நீட்டினார்.

"ஸ்டேப்ளர்."

சித்தி கொடுக்கவில்லை.

"டாக்டர், வாய் வழியா வயித்துக்குள்ள என்னென்ன இருக்கு?"

"தடிக் குழாய் மட்டும்தான் சிஸ்டர்" என்றார் புதியவர்.

"போர்டுல மூணு உள்ளன்னு எழுதிருக்கேன். வெளிய உறிஞ்சு குழாய் ஒண்ணுதான் வந்திருக்கு."

"ஆரம்பிச்சிட்டாய்யா சுங்கச்சாவடி" என்றார் பெரிய டாக்டர். "அவர்தான் சொல்றாரே. குடும்மா."

"பார்த்துட்டுச் சொல்லட்டும் சார்."

"நாளைக்கு இந்த மேஜைக்கு வேற சிஸ்டரைப் போடச் சொல்றேன்."

"நாளைக்குப் போடுங்க சார். இன்னைக்கு நான்தான் நிக்கிறேன்."

ஸ்டேப்ளரை விடாமல் பிடித்திருந்தாள். புது டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே துணியை விலக்கிக் குனிந்தார். முணுமுணுப்பு நின்றது. நூடுல்ஸ் மாதிரி மெலிந்த ஒரு வயர், உடம்புச் சூடு பார்ப்பதற்காக முதல் டாக்டர் விட்டது, அவர் இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. டிவியில், ஸ்டேப்ளர் கடிக்க வேண்டிய அதே இடத்தில், இரைப்பைச் சுவர் லேசாக நெளிந்து அடங்கியது.

சித்தி போர்டைப் பார்த்தாள்.

"மூணு உள்ள, ரெண்டு வெளிய. தடிக் குழாயை அசைச்சுக் காட்டுங்க டாக்டர்."

அசைந்தது. அதன் பிறகுதான் ஸ்டேப்ளர் கை மாறியது. மறுநாளும் அந்த மேஜையில் சித்திதான் நின்றாள். பெரிய டாக்டர் கையை நீட்டுவதற்கு முன்னால், "உள்ள எத்தனை?" என்று அவரே கேட்டார். வேன்காரம்மா நாலாம் நாள் தன் காலால் நடந்து வீட்டுக்குப் போனாள்.

இதையெல்லாம் எழுதி முடித்துச் சித்தியிடம் கொடுத்தேன். அவள் கதையைப் படிப்பதற்கு முன்னால் காகித ஓரத்தைப் புரட்டினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, அஞ்சு. நாலாம் பக்கம் எங்கடா?"

"நம்பர் தப்பாப் போட்டுட்டேன் சித்தி."

"அஞ்சு எழுதின. நாலு வந்திருக்கு." ஆபரேஷன் மேஜையில் நீள்கிற மாதிரியே கை நீண்டது. "சட்டைப் பையில இருக்கறத எடு."

நாலாம் பக்கத்தில் இரண்டே வரிதான் இருந்தது: அன்று சாயங்காலம் வீட்டுப் பூட்டைத் திறக்க முடியாமல் சித்தியின் கை நடுங்கியது. சாவியை வாங்கித் திறந்த எனக்கும் நடுங்கியது.

சித்தி அதை இரண்டு தடவை படித்தாள்.

"எனக்கு நடுங்குச்சு, சரி. உனக்கு எதுக்குடா நடுங்குச்சு?"