பூச்சடைப் படம்

அலர்மேல்மங்கை எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆள் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரத்திலும் அப்படித்தான். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. முதலாளி கோகுல்நாத் செய்வதைப் பின்னால் நின்று பார்த்தே வேலை முழுதும் கற்றுக்கொண்டாள். அதில் ஒன்றை மட்டும் தப்பாகக் கற்றுக்கொண்டாள்.

ஆயுதபூஜை அன்று மானிட்டருக்குச் சந்தனம் வைத்து, நல்ல நேரம் பார்த்து கோகுல்நாத் ஒரு ரீஸ்டோர் பாயிண்ட் போடுவார். "முடிச்சுப் போட்டாச்சு தங்கச்சி. இனி எது கெட்டாலும் இன்னைக்குத் தேதிக்குத் திரும்பிப் போயிரலாம்." எது தொலைந்தாலும் என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

கார்த்திகை முகூர்த்தப் படங்களுக்கு டிஸ்கில் இடம் போதவில்லை. "வாங்காமக் கெடக்கிற படத்தையெல்லாம் சிடியில போட்டுட்டு அழிச்சிரு" என்றார். முடிச்சு இருக்கும்போது சிடி எதற்கு? அழித்தாள். கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள்.

மறுநாள் அவர் கல்யாண வேலையாக வெளியே போயிருந்தபோது பரவையிலிருந்து பேச்சி வந்தாள். ஆவணியில், மகன் சின்னக்கருப்பனுக்கு முதல் மொட்டை போடும் முன், வழக்கப்படி பெண்பிள்ளை போலப் பாவாடை கட்டி, பூச்சடை வைத்துப் படம் எடுக்க வந்தவள்.

"பெறகு வந்து வாங்கிக்கலாம்னு இருந்துட்டோம் தாயி. காய்ச்சல்ல போயிட்டான். அவனை வேற படமே எடுக்கல."

"இருக்குக்கா. நாளைக்கு வாங்க."

பேச்சி போனதும் அலர்மேல்மங்கை ரீஸ்டோரைத் திறந்தாள். காலண்டரில் ஆயுதபூஜைத் தேதி தடித்த எழுத்தில் இருந்தது. அழுத்தினாள். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்து, வேலை முடிந்ததென்றது. ஐப்பசியில் நீக்கிய பழைய பிரிண்டர்கூடத் திரும்பி வந்திருந்தது. படங்கள் இருந்த ஃபோல்டர் காலி. இன்னும் முந்தின தேதியை அழுத்தினாள், முடியவில்லை என்றது. மறுபடி ஆயுதபூஜைக்கே போனாள். காலி.

சாயங்காலம் வந்த கோகுல்நாத்திடம் பேச்சி வந்ததைச் சொன்னாள். அவர், "சிடி எங்க?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். அவர் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விருமாண்டியின் ரிப்பேர் கடைக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள்.

விருமாண்டி கிளறிப் பார்த்தான். "ரீஸ்டோர் விண்டோஸைத்தான் திருப்பும் மாப்ள, படத்தை இல்ல. அழிச்ச படம் டிஸ்க்லதான் கெடக்கும். அப்படியே அணைச்சுக் கொண்டாந்திருந்தா அள்ளியிருப்பேன். இத்தனை தடவை ரீஸ்டோர் போட்டு, அது மேலயே எழுத வச்சிட்டீங்களே. எந்தப் புத்திசாலி பார்த்த வேலை?"

"நான்தான்" என்றார் கோகுல்நாத்.

விருமாண்டியால் சின்னக்கருப்பன் படத்தில் ஒரு துண்டைத்தான் எடுக்க முடிந்தது. மேலே ஸ்டூடியோவின் நீலத் திரை, அதன் கீழ் பிள்ளையின் உச்சியில் செருகிய மல்லிகையின் நுனி. மற்றதெல்லாம் சாம்பல் நிறம்.

காலையில் பேச்சி கண்ணாடிச் சட்டத்தோடு வந்தாள். "அம்புட்டுக் கடையும் ஏறி எறங்கி வாங்குனேன். அளவு சரியா இருக்குமா, பாரு."

கோகுல்நாத் வாயெடுக்கும் முன் அலர்மேல்மங்கை எழுந்தாள். "நான் அழிச்சிட்டேன்க்கா. பழைய தேதிக்குப் பின்னாடி போய்த் திருப்பிடலாம்னு நெனச்சேன். முடியல."

பேச்சி கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "இன்னுங் கொஞ்சம் பின்னாடி போய்ப் பாரு தாயி."

"போய்ப் பாத்துட்டேன்க்கா."

வெளியே பஸ் கண்டக்டர் திண்டுக்கல், திண்டுக்கல் என்று கூவினான்.

"அந்தப் படத்துல அவன் சிரிச்சானா?"

சிரித்தான் என்று சொல்லியிருக்கலாம். "இல்லக்கா. அழுதான். சடையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே."

"ஆமா. பூ வச்சா அவனுக்கு ஆகாது."

அலர்மேல்மங்கை அந்தத் துண்டைக் காட்டினாள். பேச்சி மானிட்டருக்குப் பக்கத்தில் வந்து பூ நுனியின் மேல் விரலை வைத்தாள். விரல் சாம்பலுக்கு இறங்கி அங்கேயே நின்றது.

"இதையே போட்டுக் குடு."

சட்டத்தின் அளவுக்குப் போட்டுக் கொடுத்தாள்.