தேவகியின் தைராய்டு எண்

ரத்தம் எடுக்கிற தொழிலில் நரம்பைத் தேடுவது சுலபம். எடுத்த ரத்தம் சொல்லும் எண்ணை நம்புவதுதான் கஷ்டம். திருத்தணியில் இருபத்தாறு வருடமாக லேப் வைத்திருக்கிறேன். அதில் ஏழு வருடம், தேவகி சொன்னதை நம்பாமலே இருந்தேன். கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உங்களிடம் அதைச் சொல்லலாம்.

விரத வயிறு

தேவகி கே.ஜி.கண்டிகைக்காரி. கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தது, உடம்பு பெருத்துக்கொண்டே போனது. சர்க்கரையும் தைராய்டும் பார்க்க டாக்டர் எழுதியிருந்தார். வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன். கிருத்திகையன்று வந்தாள். சர்க்கரை எகிறியிருந்தது. என்ன சாப்பிட்டாய் என்றால் விரதம் என்றாள். துருவியதில், மலைமேல் இரண்டு கை பஞ்சாமிர்தம். மறுநாள் திரும்ப எடுத்தேன், சர்க்கரை சரியாக இருந்தது. அவள்தான் சமாதானமாகவில்லை.

"அது பிரசாதம்ங்க. அதப் போயி சாப்பாடுன்றீங்க."

மாமியார் கை மாத்திரை

தைராய்டு எண் அப்படியில்லை, இரண்டு முறையும் ஏறியே இருந்தது. அது ஏறினால் சுரப்பி சோம்பிவிட்டது என்று பொருள்; விலக்கு தள்ளும், எடை கூடும், கரு தங்குவதும் கடினம். டாக்டர் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். மூன்று மாதம் கழித்தும் எண் இறங்கவில்லை. மகனுக்கு வேறு பெண் பார்க்கச் சொந்தக்காரர்கள் நச்சரிப்பதாகச் சொல்லிக்கொண்டு மாமியார் கன்னியம்மா என் மேசைமேல் கையூன்றி நின்றார். மருமகள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று மட்டும் கேட்டேன். மாத்திரை டாக்டர் பாடு, ரத்தம் என் பாடு என்றிருந்த காலம்.

"காலைல நானே டீ போட்டு, டம்ளரோட மாத்திரையும் கைல குடுக்கறேன், ஒரு நாள் தவறல. மாத்திரை பொய்யா, உன் மிஷினு பொய்யா, நைனா?"

நாற்பத்தெட்டு நாள்

தேவகி வேண்டிக்கொண்டாள். நாற்பத்தெட்டு நாள் விடியற்காலையில் படியேறுவது, இறங்கி வீடு சேரும்வரை பச்சைத் தண்ணீர் மட்டும். மாத்திரையையும் விடவில்லை. முடித்துவிட்டு வந்தவளுக்கு எண் இயல்பாக இருந்தது. அடுத்த வருடம் பெண் குழந்தை. மலையேறினேன், சரியாயிற்று என்றாள். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் உறுத்தல் போகவில்லை. படியேறினால் இந்த எண் இறங்குமா? அல்லது முதலில் நான் கொடுத்த எண்களே தப்பா? வேறு யார் ரத்தத்திலோ இவள் பெயரை ஒட்டி, ஒரு குடித்தனத்தைக் கலைக்கப் பார்த்தேனா? எண் எப்படி இறங்கியது என்று தேவகியையே கேட்டேன்.

"எறங்குச்சு இல்ல? அதுல உங்களுக்கு இன்னா வருத்தம்?"

மொட்டைத் தலை

போன வாரம் டாக்டரம்மா ஒருவர், தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், டீயோடு போட்டால் உடம்பில் சரியாகச் சேராது என்று என் லேப் வாசலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குக் கன்னியம்மாவின் டீ டம்ளர் நினைவுக்கு வந்தது. இரண்டு நாள் கழித்து, மலையில் மகளுக்கு முடியெடுத்துவிட்டு, சந்தனம் காயாத தலையோடு அவளைக் காட்டிப் போகத் தேவகி வந்தாள்.

வருகிறவர்களையெல்லாம் என்ன சாப்பிட்டாய் என்று துருவும் எனக்கு ஏழு வருடம் வாயில் வராமல், கடைசியில் ஒரே ஒரு 'ஆங்' வாங்கி என்னை நிம்மதியாக்கிய கேள்வி இவ்வளவுதான்: "அந்த நாற்பத்தெட்டு நாளும் மாத்திரைய, அத்தை டீ குடுக்கறதுக்கு முன்னாடியே, தண்ணியோட போட்டுகினியாம்மா?"