இயற்பியல் ஆசிரியரைக் கேட்டுப் போன எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டாகிறது. வீட்டில் படித்தவர்கள் நிறைய இருக்கிறார்கள். ஆனால் அவரோடு கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். ஐந்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன், நிதானமாகப் படியுங்கள்.

அண்ணன் பிறந்தது காங்கேயம் பக்கத்தில், மானாவாரிக் காட்டில். அப்பா சின்ன வயதிலேயே போய்விட, படிப்பை விட்டு ஏர் பிடித்தார். கிணறு வற்றிய வருடங்களில் எண்ணெய் மில்லில் கொப்பரை காயவைத்தார். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. மாட்டைக்கூட “வாங்க சாமி” என்றுதான் கூப்பிடுவார்.

பிற்காலத்தில் ஊர் அரசுப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவராக இருந்தார். அவர் பேத்தியும் அங்கேதான் படித்தாள். அவள் பதினொன்றாவதுக்குப் போகும் நேரம் இயற்பியல் ஆசிரியர் மாறுதலில் போய்விட்டார். அந்த இடம் காலியாகவே கிடந்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளை டாக்டராக வேண்டுமென்றால், காட்டை அடமானம் வைத்தாவது கடைசி இரண்டு வருடம் ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்துவிடுவோம். அண்ணன் மகனும் அதற்கே ஏற்பாடு செய்தான்.

“ஏனுங்கப்பா, வாத்தியாரே இல்லாத எடத்துல எம்புள்ளைய உட்டுப்போட்டு, நீங்க தலைவருன்னு மாலை வாங்கிக்கறீங்களாக்கும்?” என்றான்.

அண்ணன் கோபப்படவில்லை. “நம்ம புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டா, மத்த புள்ளைகளுக்கு ஆரு கண்ணு கேப்பாங்க? பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள வாத்தியாரக் கொண்டாரேன். இல்லீன்னா உன்ற இஷ்டம்.”

மறுநாளே தூக்குப்போசியில் சோற்றோடு கல்வி அலுவலகத்துக்கு பஸ் ஏறினார். தினமும் போய் வாசலில் உட்கார்ந்திருந்தார். அதிகாரி, “பெரியவரே, ஊருக்குப் போங்க, பாத்துச் செய்யறோம்” என்றாராம்.

“போறனுங்க. ஒத்தையில போனா ஊட்டுக்குள்ள உட மாட்டாங்க. வாத்தியாரக் குடுத்தீங்கன்னா சேந்தாப்புல போயிக்கறோமுங்க.”

அதிகாரி சிரித்துவிட்டாராம்.

பள்ளி திறக்கிற அன்று காலை, பேத்தியின் பெட்டியை மகன் காரில் ஏற்றிவிட்டான். அந்நேரம் பஸ்ஸிலிருந்து ஒரு அம்மா இறங்கி, “கவர்மெண்ட் ஸ்கூல் எந்தப் பக்கமுங்க? நான் புது பிசிக்ஸ் டீச்சர்” என்று எங்களிடமே வழி கேட்டார். பெட்டி இறங்கியது.

பேத்தி நீட் எழுதித் தேறினாள். கலந்தாய்வில்தான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அரசுப் பள்ளியிலேயே படித்து வந்தவர்களுக்குத் தனி இடமாம். நடுவில் மாற்றியிருந்தால் அது போயிருக்கும். கல்லூரிக் கட்டணமும் அரசாங்கமே கட்டுமாம்.

அப்போது அண்ணன் படுக்கையில் இருந்தார். மகன் போனில் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். பிறகு என்னிடம், “அம்மணி, நம்ம பள்ளிக்கூடத்துக் கெமிஸ்ட்ரி சார் இந்த வருசம் ரிட்டயர்டு ஆகறாரு. என்ற சட்டையத் தேச்சு வெக்கச் சொல்லு, போயிட்டு வந்தர்றேன்” என்றார். அவரால் எழ முடியவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் கெமிஸ்ட்ரி வாத்தியாரைக் கேட்டு மகன் கல்வி அலுவலகத்துக்குப் போனான்.

அண்ணனுக்குக் கடைசிவரை வைத்தியம் பார்த்த டாக்டர், நர்ஸம்மா, தோள் கொடுத்த பங்காளிகள், பள்ளியிலிருந்து வந்து நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் கை கூப்புகிறேன். இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. எங்கெங்கேயோ இருந்து வரி கட்டி எங்கள் பிள்ளையைப் படிக்க வைக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் நன்றாக இருக்கட்டும்.